மூடிய குப்பைமேட்டுக்கு யார் பொறுப்பு?



தென்கொரியத் தலைநகர் சியோலில், ஹான் ஆற்றங்கரையில், நாஞ்சிடோ என்றோர் இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது ஆற்றை ஒட்டித் தட்டையாகக் கிடந்த தீவு. நிலக்கடலையும் சோளமும் விளைந்த மண். 1978-இல் சியோல் மாநகரம் தன் குப்பையை அங்கே கொண்டுபோய்க் கொட்டத் தொடங்கியது. 1993-இல் நிறுத்தியபோது சுமார் 9.2 கோடி கன மீட்டர் குப்பை சேர்ந்திருந்தது. தீவு இருந்த இடத்தில் 90 மீட்டருக்கு மேல் உயர்ந்த இரண்டு மலைகள் நின்றன. 2002-இல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியைக் கொரியா ஜப்பானோடு சேர்ந்து நடத்தியது. சியோலின் புதிய விளையாட்டரங்கம் அந்த மலைகளுக்கு அருகிலேயே எழுந்தது. உலகமே வந்து பார்க்கப்போகிறதே என்ற பதற்றமும் சேர்ந்துதான் வேலையை முடுக்கியிருக்க வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் மேடுகளும் சுற்றியுள்ள நிலமும் ஐந்து பூங்காக்களாக மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றில் புகழ்பெற்றது வானப் பூங்கா. 291 படிகள் ஏறினால், அக்டோபர் மாதத்தில், ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்த புல் வெள்ளைக் கதிர் விட்டு மேடு முழுக்க அசைகிற காட்சி கிடைக்கும். குப்பைமேட்டைப் பூங்காவாக்க வேண்டும் என்று உலகில் எந்த நகரம் பேசினாலும் இந்தப் படத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அந்தப் படத்தில் அகப்படாத சில பொருள்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். முதலில் அந்தப் புல். அழகுக்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. குப்பையின்மேல் நீர் இறங்காத உறை விரித்து, அதன்மேல் போட்ட மண் ஆழம் குறைந்தது, சத்தும் குறைந்தது. ஆழமாக வேர் விடும் பெருமரங்களுக்கு அங்கே இடமில்லை. புல்லுக்கடியில், மேட்டின் உடலுக்குள், நூற்றுக்கு மேற்பட்ட எரிவாயுக் குழாய்க் கிணறுகள் இறங்கியிருக்கின்றன. காற்றுப் புகாத ஆழத்தில் குப்பை மக்கும்போது ஏறக்குறையப் பாதி மீத்தேனும் பாதி கரியமில வாயுவுமாக வெளிவரும். அதை உறிஞ்சி எடுத்து விளையாட்டரங்கத்துக்கும் பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் வெப்பமூட்டப் பயன்படுத்தினார்கள். மேட்டைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல், நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் ஓடுகிறது. மழைநீர் குப்பைக்குள் ஊறி இறங்கிக் கறுத்த சாறாக வெளியேறி ஹான் ஆற்றில் கலந்துவிடாமல் அது தடுக்கிறது. தேங்கும் சாற்றை இறைத்துச் சுத்திகரிக்க ஆலை வேண்டும், ஆள் வேண்டும், மின்சாரம் வேண்டும். இவற்றுள் எதையும் பூங்கா திறந்த மறுநாள் நிறுத்திவிட முடியாது. அமெரிக்கச் சட்டம், மூடிய குப்பைக் கிடங்கை 30 ஆண்டுகள் பராமரிக்கச் சொல்கிறது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 15 ஆண்டுகள் கண்காணித்து, வாயுவும் சாறும் அடங்கி நிலம் உறுதிப்பட்ட பிறகே குடியிருப்புக்கோ வேறு பயனுக்கோ அதைக் கருதலாம் என்றன. நாஞ்சிடோவில் குப்பை கொட்டியதே 15 ஆண்டுகள்தான். கொட்டிய காலத்தைவிடக் காவல் காக்கும் காலம் நீண்டுவிட்டது.

ஆகவே என் வாதம் இதுதான். குப்பைமேட்டின்மேல் அமைந்த பூங்கா ஒரு பிரச்சினையின் முடிவு என்று நாம் கொண்டாடுகிறோம். உண்மையில் அது தலைமுறை கடந்தும் வட்டி கட்ட வேண்டிய கடன். அப்படியிருந்தும் பூங்காதான் அந்த நிலத்துக்குச் சரியான பயன்பாடு என்று சொல்வேன். அது கடன் என்பதாலேயே சொல்வேன். இத்தனை நீண்ட பொறுப்பைத் தனியாரிடம் விற்க முடியாது, துண்டு போட்டுப் பிரிக்க முடியாது, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒருவர் தலையில் கட்டிவிடவும் முடியாது. நிலம் பொதுச்சொத்தாக இருந்தால்தான் பொறுப்பும் பொதுவில் இருக்கும். மக்கள் தினமும் அங்கே நடந்தால்தான் அந்தப் பொறுப்பை யாராவது கேள்வி கேட்பார்கள். பசுமையும் நிழலும் நல்லவைதான். ஆனால் பூங்காவுக்கான முதல் நியாயம் அவையல்ல.

இதற்கு எதிராக வைக்கப்படும் முதல் வாதம் வலுவானது. நகரத்தில் நிலம் தங்கத்தைவிட விலை கூடிய பொருள். வீடில்லாதவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போது நூற்றுக்கணக்கான ஏக்கரில் புல் வளர்ப்பது என்ன நியாயம், அடுக்குமாடி கட்டித் தரலாமே என்கிறார்கள். கேட்பவர்களின் அக்கறையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் பதில் சொல்ல இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியிலுள்ள லாஸ்கோ என்ற ஊருக்குப் போக வேண்டும். 1986 மார்ச் 24 அன்று அங்கே ஒரு வீடு வெடித்துச் சிதறி, உள்ளே இருந்த மூவர் காயமடைந்தார்கள். வீட்டில் வெடிபொருள் எதுவும் இல்லை. அருகில் ஒரு குப்பைக் குழி மூடப்பட்டு மண் போடப்பட்டிருந்தது. அதற்குள் உருவான மீத்தேன், நேரே மேலே வர வழியில்லாமல், பாறை இடுக்குகள் வழியே பக்கவாட்டில் நகர்ந்தது. அன்று காற்றழுத்தம் சட்டென்று குறைந்தபோது நிலத்திலிருந்து கிளம்பி வீட்டின் தரைக்கடியில் தேங்கியது. பற்றிக்கொள்ள ஒரு பொறி போதுமாயிருந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த வீடு குப்பைக்கு மேலே இல்லை, பக்கத்தில்தான் இருந்தது. வாயுவை விட்டுவிட்டாலும் நிலம் அமிழ்வது இருக்கிறது. குப்பை மக்க மக்கக் கனம் குறைந்து மேடு இறங்கும். ஒரே சீராக இறங்கினால்கூடச் சமாளிக்கலாம். கட்டட இடிபாடு கிடக்கும் இடம் அசையாமல் நிற்க, காய்கறிக் கழிவு கிடந்த இடம் பள்ளமாகும். நடைபாதை இறங்கினால் கொத்தனாரை வைத்துச் சரிசெய்யலாம். எட்டு மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை இறங்கினால் என்ன செய்வது? அரசு கொடுக்கும் வீடென்றால் அதில் குடியேறப் போவது யார் என்பதும் நமக்குத் தெரியும். நகரத்தின் குப்பையோடு வாழ்ந்தவர்களையே மறுபடியும் குப்பையின்மேல் குடியேற்றுவது வீட்டுவசதி ஆகாது.

இரண்டாவது எதிர்வாதம் வேறு திசையிலிருந்து வருகிறது. பூங்கா வந்தால் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறும், ஏழைகள் வெளியேற்றப்படுவார்கள், காலையில் ஓடப் போகும் வசதியானவர்களுக்கு அரசு செலவில் ஓடுதளம் கிடைக்கும் என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. நாஞ்சிடோவை ஒட்டிய சங்கம் பகுதி இன்று தொலைக்காட்சி நிறுவனங்களும் கணினி நிறுவனங்களும் குவிந்த ஊடக நகரமாகிவிட்டது. குப்பை வந்த காலத்தில் அங்கே குடிசை போட்டு, லாரி கொட்டக் கொட்டப் பாட்டிலும் இரும்பும் பொறுக்கி வாழ்ந்த குடும்பங்களின் தடயம் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்கிடையே இல்லை. கொரிய நாவலாசிரியர் ஹ்வாங் சோக்-யோங் அப்படியொரு குப்பைத் தீவுக்கு வந்து சேரும் சிறுவனை வைத்து 2011-இல் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அந்த மக்களின் வாழ்வு நிலைத்திருப்பது இலக்கியத்தில்தான். இது பெரிய குறை. ஆனால் இந்தக் குறைக்குப் பூங்காவைக் குற்றம் சொல்வதற்கு முன், அதே நாஞ்சிடோவில் நடந்த இன்னொரு வழக்கைப் பார்க்க வேண்டும்.

அங்கிருந்த இரண்டு மேடுகளில் ஒன்று வானப் பூங்கா. மற்றது அந்திப் பூங்கா. இரண்டாவதின் மேல்பரப்பில் 9 குழி கோல்ஃப் மைதானம் அமைத்தார்கள். மாநகரமே சேர்ந்து குவித்த குப்பை, மாநகரமே செலவழித்து மூடிய மேடு, அதன் உச்சியில் ஒரு நாளைக்குச் சில நூறு பேர் ஆடும் ஆட்டம். குடிமக்கள் அமைப்புகள் விடவில்லை. கட்டணத்தையும் நிர்வாக உரிமையையும் பற்றி மாநகராட்சிக்கும் மைதானத்தை அமைத்த நிறுவனத்துக்கும் இடையே வழக்கும் வாதமும் இழுத்தன. கடைசியில் 2008-இல் கோல்ஃப் போய், மேடு எல்லாருக்குமான பூங்காவாகத் திறந்தது. இப்போது அங்கே குடும்பங்கள் கூடாரம் போட்டுத் தங்குகின்றன. மைதானமும் பச்சைதான், பூங்காவும் பச்சைதான். விமானத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நிலம் யாருடையது என்பதில்தான் சண்டை நடந்தது. நிலம் பொதுவில் இருந்ததால் அந்தச் சண்டையை நடத்தவும் ஜெயிக்கவும் முடிந்தது. அடுக்குமாடியாக விற்றுவிட்டிருந்தால் 2008-இல் கேட்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. நிலத்தின் விலை ஏறுவதைத் தடுக்க வரிவிதிப்பும் வாடகைச் சட்டமும் வேண்டும். அதற்காகப் பூங்காவே வேண்டாம் என்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

மூன்றாவது எதிர்வாதத்துக்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பூங்கா மறதியை உண்டாக்குகிறது என்பது அந்த வாதம். மேட்டை மூடிப் புல் வளர்த்ததும் நகரம் தன் குப்பையை மறந்துவிடுகிறது. குப்பையோ நிற்பதில்லை, வேறு ஊருக்குப் போகிறது. நாஞ்சிடோ மூடப்படுவதற்கு முன்பே, 1992-இல், இஞ்சோன் பகுதியின் கடலோரச் சேற்றுநிலத்தில் புதிய கிடங்கு தயாராகிவிட்டது. தலைநகர் வட்டாரத்தின் குப்பை அங்கே போயிற்று. எங்கள் ஊர் எத்தனை காலம் சியோலின் குப்பையைச் சுமப்பது என்று இஞ்சோன் மக்கள் பல்லாண்டுகளாகக் கேட்கிறார்கள். நியூயார்க் கதையும் இதே. அங்குள்ள ஸ்டேட்டன் தீவில், ஓதம் ஏறி இறங்கும் உப்புச் சதுப்பு நிலத்தில், 1948-இல் ஃப்ரெஷ் கில்ஸ் குப்பைக் கிடங்கு தொடங்கியது. சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லித் தொடங்கியது 53 ஆண்டுகள் நடந்தது. 1980-களின் உச்சத்தில் நாளொன்றுக்கு 29,000 டன் வரை அங்கே இறங்கியது. 2001 மார்ச்சில் மூடினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது, அந்த இடிபாடுகளைச் சலித்துப் பார்க்க அதே இடத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. 2,200 ஏக்கரில் பூங்கா அமைக்கும் பணி இன்னும் நடக்கிறது. நகரத்தின் குப்பை நின்றதா? லாரியிலும் ரயிலிலும் ஏறிப் பென்சில்வேனியாவுக்கும் வர்ஜீனியாவுக்கும் போகிறது.

இந்த வாதத்தை மறுக்க முடியாது. ஆனால் மறதி பூங்காவின் இயல்பா, நாம் பூங்காவை அமைக்கும் விதத்தின் விளைவா என்று கேட்கலாம். கொரியா 1995-இல் ஒரு காரியம் செய்தது. கொட்டும் அளவுக்கேற்பக் கட்டணம்: வீட்டுக் குப்பையை மாநகராட்சி விற்கும் குறிப்பிட்ட பையில்தான் போட வேண்டும், பெரிய பைக்கு விலை அதிகம். கொட்டும் குப்பை குறைந்தது, மறுசுழற்சி கூடியது. நாஞ்சிடோ மலைகளைக் கண்ணால் பார்த்த தலைமுறைதான் அந்தப் பைக்குக் காசு கொடுக்க ஒப்புக்கொண்டது என்று எண்ணுகிறேன். பூங்காவுக்கும் பைக்கும் இடையிலான இந்தத் தொடர்பு அறுந்தால் பூங்கா வெறும் திரைச்சீலை. சிங்கப்பூரின் லோரோங் ஹாலுஸ் இன்னொரு வழியைக் காட்டுகிறது. 1999-இல் மூடிய குப்பைக் கிடங்கு அது. பக்கத்திலிருந்த சிராங்கூன் கழிமுகத்தை நன்னீர்த் தேக்கமாக மாற்றியபோது, குப்பைச் சாறு அதில் கலக்காதிருக்க நிலத்தடித் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். கசியும் நீரைச் சேகரித்து, குளங்கள் வழியாகவும் நாணல் பாத்திகள் வழியாகவும் செலுத்திச் சுத்தப்படுத்துகிறார்கள். நடக்க வருபவர்கள் பார்ப்பது அந்தப் பாத்திகளைத்தான். அங்கே சுத்திகரிப்பே பூங்கா. குழாயையும் கிணற்றையும் புதருக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் வடிவமைப்பாளர்கள் அழகுணர்ச்சி உள்ளவர்களாக இருக்கலாம். எனக்கென்னவோ, இன்று எவ்வளவு வாயு எடுத்தோம், எவ்வளவு சாறு இறைத்தோம், எவ்வளவு செலவாயிற்று என்று பூங்கா வாசலில் ஒரு பலகை இருந்தால் அதுவே போதுமான அழகு.

இனி நம் ஊரான சென்னைக்கு வருகிறேன். இங்கே கேள்வியின் வடிவமே மாறுகிறது. நாம் மேட்டை மூடவில்லை, தோண்டி எடுக்கிறோம். பயோமைனிங் என்று எல்லாரும் சொல்லும் முறை. பழைய குப்பையைக் கிளறிப் பாத்தி பாத்தியாகக் காயவைத்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, சுழலும் உருளைச் சல்லடையில் போட்டுப் பிரிப்பார்கள். பிளாஸ்டிக்கும் துணியும் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகும். கல்லும் மண்ணும் பள்ளம் நிரப்பப் போகும். பெருங்குடியில் சுமார் 225 ஏக்கரில் ஏறத்தாழ 350 கோடி ரூபாய்த் திட்டம். கொடுங்கையூரில் 252 ஏக்கரில் 66 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குப்பைக்கு ஏறத்தாழ 640 கோடி. குப்பையே போய்விட்டால் வாயு ஏது, சாறு ஏது, உங்கள் கடன் கணக்கெல்லாம் செல்லாதே என்று இங்கே ஒருவர் கேட்கலாம். பாதி சரி. மேட்டுக்குள் மீத்தேன் ஆண்டுக்கணக்கில் புழுங்குவதைவிட அதை எடுத்துவிடுவது நல்லதுதான். பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்து தென்சென்னையைப் புகையால் மூடியதையும், 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லையில் மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் புதைந்ததையும் நினைத்தால் எடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சலித்த மண்ணில் கலந்திருக்கும் உலோகங்களும் நுண்ணிய பிளாஸ்டிக்கும் எங்கே போய்ச் சேருகின்றன, அடிமண்ணில் ஏற்கெனவே இறங்கிவிட்ட சாறு எங்கே இருக்கிறது என்ற கேள்விகள் சல்லடையில் தீராதவை. கடன் குறைகிறது, தீரவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று பெருங்குடியில் இருக்கிறது. கொட்டியது எந்த நிலத்தில்? பள்ளிக்கரணைக் கழுவெளியில், அதாவது சதுப்புநிலத்தில். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்வதற்கு முன் தங்கும் இடம் அது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற நிலம். நியூயார்க் அதிகாரிகள் 1948-இல் ஓதச் சதுப்பை உபயோகமற்ற நிலம் என்று எண்ணிய அதே கண்ணோடுதான் நாமும் கழுவெளியைப் பார்த்தோம். விளைச்சல் இல்லை, வீடு இல்லை, எனவே கொட்டலாம். அப்படிக் கெடுத்த நிலத்தில் குப்பையை அகற்றிய பிறகு, நடைபாதையும் செயற்கை நீரூற்றும் வைத்து ஒரு பசுமைப் பூங்கா அமைப்பது, பார்க்க நன்றாக இருந்தாலும், பழைய தவற்றின் இன்னொரு பதிப்புதான். அத்தகைய யோசனை எழுந்தபோது, நிலத்தைச் சதுப்புக்கே திருப்பித் தர வேண்டும் என்று சூழலியலாளர்கள் எதிர்த்தது முழுக்க நியாயம். நாஞ்சிடோவில் மலையைத் தோண்டி எடுக்கவில்லை, ஆகவே மலைமேல் பூங்கா தவிர வேறு வழியில்லை. இங்கே தோண்டி எடுக்கிறோம், ஆகவே தண்ணீருக்கு வழிவிடாமல் இருக்க நமக்குச் சாக்கு இல்லை. பொதுப் பசுமைவெளி என்றால் புல்தரையும் ஊஞ்சலும்தான் என்ற எண்ணத்தை விட வேண்டும். நீர்க்கோழியும் நாமக்கோழியும் திரும்பி வரும் கழுவெளியும், மழைக்காலத்தில் அருகிலுள்ள வேளச்சேரிக்குள் புகாமல் தங்கும் நீரும் பொதுமக்களுக்கான வெளிதான். கரையில் ஒரு நடைவழியும் பறவை பார்க்க ஒரு மேடையும் போதும்.

கொடுங்கையூரின் கணக்கு வேறு. வடசென்னையில் அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலைகளும் இருக்கின்றன, திறந்தவெளிதான் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நகரத்தின் குப்பைப் புகையைச் சுவாசித்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். அந்த நிலத்தில்தான் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வைக்கும் திட்டம் வந்தது. மக்கள் கைகோத்து நின்று எதிர்த்தார்கள். சியோலிலும் இதேதான் நடந்தது. நாஞ்சிடோவைச் சுமந்த மாபோ வட்டாரத்திலேயே ஏற்கெனவே ஓர் எரி உலை இருக்க, இன்னொன்றையும் அங்கேயே வைக்க மாநகராட்சி முடிவெடுத்தது. சங்கம் குடியிருப்பாளர்கள் வீதிக்கும் நீதிமன்றத்துக்கும் போனார்கள். ஒருமுறை சுமந்த ஊர்தான் எப்போதும் சுமக்க வேண்டும் என்று நிர்வாகங்கள் நினைப்பதற்குக் காரணம், அங்கே நிலம் ஏற்கெனவே மாநகராட்சியிடம் இருக்கிறது, கேட்பதற்கு ஆளில்லை என்ற நம்பிக்கை. எரி உலை எங்குமே கூடாது என்று நான் வாதிடவில்லை. அது தனி விவாதம். சுமந்தவர்களிடமே மறுபடி இறக்கி வைப்பது நியாயமில்லை என்கிறேன்.

மாநகராட்சிகளின் கணக்கேட்டில் மீட்கப்பட்ட ஏக்கர் என்று ஒரு பத்தி இருக்கிறது. மீட்டு யாரிடம் கொடுத்தோம் என்றொரு பத்தியும், அடுத்த 30 ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினோம் என்றொரு பத்தியும் அதில் சேர வேண்டும். பூங்கா என்ற பெயரில் திறப்புவிழா நடத்தும் முன் அந்த இரண்டு பத்திகளையும் நிரப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை பகுதி சபையில் உட்காரும் எவருக்கும் உண்டு. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் அந்தக் கேள்வியை எடுத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் தீர்ப்பை ஒளிக்க வேண்டியதில்லை: பெருங்குடியில் மீளும் நிலம் கழுவெளிக்கு, கொடுங்கையூரில் மீளும் நிலம் வடசென்னை மக்களுக்கு, கட்டணமில்லாத பூங்காவாக.